பிரம்ப்டன் நகரத்து ஜூனியர் ஹொக்கி அணிகளின் வரலாற்றைக் கிளிநொச்சியிலிருந்து எழுதுவது எப்படி

கனடாவின் பிரம்ப்டன் நகரத்தில் எட்டாம் வகுப்பில் படிக்கும் என் தங்கையின் மகன், பள்ளி ஒப்படை ஒன்றுக்காகத் தன் நகரத்து ஜூனியர் ஐஸ் ஹொக்கி அணிகளின் வரலாற்றை எழுத வேண்டியிருப்பதாகவும், அதற்கு மாமாவின் உதவி தேவை என்றும் வட்ஸ்அப்பில் குரல்பதிவு ஒன்றை அனுப்பியிருந்தான். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு நிறைவு மலருக்குக் கழக வரலாற்றைத் தொகுத்தவன் நான் என்று தங்கை அவனிடம் சொல்லிவைத்திருந்ததே அந்த நம்பிக்கைக்குக் காரணம். ஐஸ் என்றால் முல்லைத்தீவிலிருந்து வரும் மீன்பெட்டிகளில் மீனுக்கு மேலே கிடப்பதைத்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டவன் மருமகன் என்பதால் ஒரு கிழமை தேடி, கிடைத்ததையெல்லாம் கோத்து, பிரம்ப்டன் அணி மெமோரியல் கிண்ணத்தை நான்கு முறை வென்ற புகழ்பெற்ற அணி என்று எழுதிக்கொடுத்தேன். அவனுடைய ஆசிரியை அந்த வரியின் கீழே சிவப்புக் கோடிட்டு, "எந்த நகரத்தில்?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கற்றுக்கொண்டவற்றை, இங்கிருந்துகொண்டு இதேபோன்ற வேலையில் இறங்கக்கூடிய மாமாமாருக்கும் சித்திமாருக்கும் தாத்தாமாருக்கும் பயன்படும்படி எழுதிவைக்கிறேன்.

முதலில் ஏணியைப் பாருங்கள்

ஜூனியர் என்ற சொல்லைக் கண்டதும் பள்ளிப் பிள்ளைகளின் அணி என்று எண்ணிவிடக் கூடாது. ஏறத்தாழ 16 வயது முதல் 20 வயது வரையான இளைஞர்கள் விளையாடும், சீட்டு விற்று ஆயிரக்கணக்கானோர் வந்து பார்க்கும் ஆட்டம் அது. கனடாவில் அதன் உச்சிப்படியில் மூன்று லீக்குகள் உள்ளன: மேற்கு மாகாணங்களுக்கு ஒன்று, ஒன்ராறியோவுக்கு ஒன்று, கியூபெக்குக்கும் கிழக்குக் கரை மாகாணங்களுக்கும் ஒன்று. இம்மூன்றின் வெற்றி அணிகளும், போட்டியை நடத்தும் நகரத்தின் அணியும் மோதிக்கொள்ளும் பரிசுதான் மெமோரியல் கிண்ணம். முதலாம் உலகப் போரில் இறந்த கனடியப் படைவீரர்களின் நினைவாக 1919இல் அது தொடங்கப்பட்டது. முதலில் கிழக்கு, மேற்கு வெற்றியாளர்கள் இருவர் மட்டுமே மோதினர். மூவர் மோதும் முறை 1972இல் வந்தது. நடத்தும் நகரத்துக்கு இடம் கொடுக்கும் முறை 1983இல் வந்தது. ஆகவே ஓர் அணி இறுதிச் சுற்றில் ஆடியது என்று எங்காவது வாசித்தால், அது வென்று வந்த இடமா, வீட்டுக்காரர் என்பதால் கிடைத்த இடமா என்று ஆண்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

உச்சிப்படிக்குக் கீழேயும் படிகள் உண்டு என்பதுதான் முதலாவது கண்ணி. ஜூனியர் ஆட்டம் 1933இல் ஏ, பி என்று இரண்டாகப் பிரிந்தது. 1970இல் ஏ பிரிவும் மேல், கீழ் என்று பிளந்தது. எனவே 1965இல் ஜூனியர் ஏ என்று எழுதப்பட்ட அணியும், 1995இல் ஜூனியர் ஏ என்று எழுதப்பட்ட அணியும் ஒரே தரத்தைச் சேர்ந்தவை அல்ல. பிரம்ப்டனிலேயே கெப்பிட்டல்ஸ், பிரமலே புளூஸ் என்ற அணிகள் கீழ்ப்படியில் ஆடியிருக்கின்றன. அவற்றை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் அதிகம் ஆடியது அத்தகைய அணிகளில்தான். எந்தப் படியில் ஆடினார்கள் என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே குறித்துவிட்டால் போதும். பிரம்ப்டன் பீஸ்ட் என்ற அணியைச் சேர்க்காதீர்கள். அது சம்பளத்துக்கு ஆடிய வளர்ந்தோர் அணி. எக்செல்சியர்ஸ் என்ற பழம்பெயர் கண்ணில் பட்டால் அதையும் கடந்து செல்லுங்கள். அது லக்ரோஸ் என்ற வேறொரு விளையாட்டுக்குரியது.

மூன்று கொப்பிகள்

இனி வேலையின் நடுப்பகுதிக்கு வருவோம். ஓர் அணியின் வரலாறு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வரலாறுகள். நகரத்தின் வரலாறு ஒன்று, அணிப்பெயரின் வரலாறு ஒன்று, லீக்கில் ஆடுவதற்கான உரிமத்தின் வரலாறு ஒன்று. நம் ஊரில் இம்மூன்றும் ஒன்றாகவே கிடப்பதால் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கில்லை. ஊர்ப்பெயரும் கழகப்பெயரும் ஒட்டிப் பிறந்தவை. கழகத்தை எவரும் விலைக்கு வாங்கிப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோவதில்லை. அங்கே நிலைமை வேறு. உரிமம் ஒரு சொத்து. உரிமையாளர் அதை விற்கலாம். லீக் ஒப்புக்கொண்டால் வேறு நகரத்துக்குப் பெயர்க்கலாம். போகும்போது பெயரைக் கூட்டிச் செல்லலாம் அல்லது கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். ஆகவே மூன்று கொப்பிகளை எடுத்து, கிடைக்கும் ஒவ்வொரு தகவலையும் எந்தக் கொப்பிக்குரியது என்று கேட்ட பிறகே எழுதுங்கள். நான் 40 பக்கக் கொப்பிகளையே பயன்படுத்தினேன். நகரக் கொப்பி பாதிகூட நிரம்பவில்லை. உரிமக் கொப்பிக்குப் பின்னட்டையிலும் எழுத வேண்டி வந்தது.

பிரம்ப்டனை வைத்தே செய்து காட்டுகிறேன். நகரக் கொப்பியில் உச்சிப்படிக்குரிய வரிகள் இரண்டுதான். 1998இல் பட்டாலியன் என்ற அணி புதிய உரிமத்துடன் தொடங்கி, 2013 வரை அங்கே ஆடி, நோர்த் பே நகரத்துக்குப் போயிற்று. 2024இல் ஸ்டீல்ஹெட்ஸ் என்ற அணி பக்கத்து நகரமான மிசிசாகாவிலிருந்து வந்தது. இடையில் 11 ஆண்டுகள் வெற்றிடம். நகரத்தின் வரலாறு என்று கேட்டால் எலும்புக்கூடு இவ்வளவே.

உரிமக் கொப்பியில் ஸ்டீல்ஹெட்ஸைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் கதை நீள்கிறது. 2024க்கு முன்பு அது மிசிசாகாவில் இருந்தது. ஸ்டீல்ஹெட்ஸ் என்ற பெயர் 2012இல்தான் வந்தது. அதற்கு முன் அதன் பெயர் மேஜர்ஸ். 2007க்கு முன்னால் அந்த மேஜர்ஸ் ரொறன்ரோவில் இருந்தது. அங்கே அது 1997இல் புதிதாகப் பெற்ற உரிமத்துடன் ஆடத் தொடங்கியது. உரிமக் கொப்பி அந்த 1997ஆம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் பெயர்க் கொப்பி முடியவில்லை. மேஜர்ஸ் என்பது ரொறன்ரோவின் சென். மைக்கல் கல்லூரிப் பள்ளி என்ற கத்தோலிக்கப் பள்ளியின் அணிப்பெயர். அந்தப் பழைய அணி 1934, 1945, 1947, 1961 ஆகிய ஆண்டுகளில் மெமோரியல் கிண்ணத்தை வென்றது. கடைசிக் கிண்ணத்தை வென்ற மறுவருடமே, 1962இல், பள்ளியை நடத்திய குருமார் நீண்ட பருவகாலமும் பயணமும் படிப்பைக் கெடுக்கின்றன என்று கருதி அணியை உச்சிப்படியிலிருந்து விலக்கிக்கொண்டனர். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கிய அந்த முடிவை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். நம் பக்கத்தில் ஒரு கழகம் அப்படிச் செய்திருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்கும். 35 ஆண்டுகள் கழித்துப் பெயர் மட்டும் புதிய உரிமத்தின்மேல் ஏறி உயிர்த்தெழுந்தது.

நான் எழுதிய நான்கு கிண்ணங்கள் அந்தப் பள்ளியின் கிண்ணங்கள்தான். அவை பிரம்ப்டன் நகரத்துக்குரியவை அல்ல. 1997ஆம் ஆண்டின் உரிமத்துக்குரியவையும் அல்ல. பெயர்க் கொப்பிக்கு மட்டுமே உரியவை. ஆசிரியை கேட்ட கேள்வியின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பட்டாலியன் போன இடத்தையும் இதேபோல் தொடர்ந்து பார்ப்பது நல்லது, ஏனெனில் சங்கிலி எவ்வளவு தூரம் ஓடும் என்பது அங்கேதான் தெரியும். நோர்த் பே நகரத்துக்கு முன்பே சென்ரெனியல்ஸ் என்ற அணி இருந்தது. அது 2002இல் எல்லை தாண்டி அமெரிக்காவின் சாகினோ நகரத்துக்குப் போய்விட்டதால், பட்டாலியன் வரும்வரை அந்த நகரம் வெறுமையாக இருந்தது. அந்தச் சென்ரெனியல்ஸ் 1982இல் நயாகரா ஃபோல்ஸிலிருந்து வந்தது. நயாகரா ஃபோல்ஸுக்கு 1976இல் சென். கதரீன்ஸிலிருந்து வந்தது. நயாகரா ஃபோல்ஸில் ஃபிளையர்ஸ் என்ற ஒரே பெயரில் இரு வேறு உரிமங்கள் வெவ்வேறு காலங்களில் ஆடியிருக்கின்றன. பெயரை மட்டும் நம்பிச் சங்கிலி கோப்பவர் இந்த இடத்தில் நிச்சயம் வழுக்கி விழுவார். நானும் விழுந்தேன். ஒரு பெயருக்கு நேரே தொடக்க ஆண்டும் முடிவாண்டும் இரண்டும் கிடைக்கும்வரை அடுத்த கண்ணியைக் கோக்காமல் இருப்பதே இதற்கு மருந்து.

ஆண்டும் திகதியும்

அங்கே ஹொக்கிப் பருவகாலம் செப்ரெம்பர் கடைசியில் தொடங்கி மறுவருட வசந்தத்தில் முடிகிறது. ஆகவே ஆண்டை எப்போதும் இரட்டையாக எழுதுங்கள்: 1998-99 என்பதுபோல. மேஜர்ஸ் வருவதற்கு முன்பு மிசிசாகாவில் இருந்த ஐஸ்டோக்ஸ் என்ற வேறோர் அணி அந்த 1998-99 பருவகாலத்தில் ஆடிய 68 ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்றது. இதை 1998 என்றோ 1999 என்றோ ஒற்றையாக எழுதினால், அடுத்த பருவகாலத்தின் கணக்கும் இதனுள் கலந்துவிடும். மெமோரியல் கிண்ணம் பெரும்பாலும் மே மாதத்தில் முடிவதால் அதற்கு மட்டும் பிந்திய ஆண்டை எழுதினால் போதும்.

திகதியில் இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. அங்கே வெள்ளிக்கிழமை இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், நமக்குச் சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கோ, அவர்கள் கடிகாரத்தைப் பின்னகர்த்திய பிறகு ஐந்தரை மணிக்கோ தொடங்குகிறது. மருமகன் நேரலையில் பார்த்துக்கொண்டே செய்தி அனுப்பினால், உங்கள் தொலைபேசி அதன்மேல் சனிக்கிழமைத் திகதியைப் போட்டுவிடும். கொப்பியில் கனடியத் திகதியை மட்டும் எழுதுங்கள்.

2008-09 பருவகாலத்தில் பிரம்ப்டன் பட்டாலியன் ஒன்ராறியோ லீக்கின் இறுதிச் சுற்றுவரை சென்று விண்ட்சர் நகரத்து ஸ்பிட்ஃபயர்ஸிடம் தோற்றது. அந்த நகரம் உச்சிப்படியில் எட்டிய மிக உயர்ந்த இடம் அதுவாகையால் அதைக் கட்டாயம் எழுத வேண்டும். அந்த வரியை எழுதும்போது 2009 வசந்தத்தில் நாங்கள் எங்கே இருந்தோம் என்ற நினைவு வந்து பேனை சற்று நின்றது. ஒப்படையில் அதற்கு இடமில்லை. மருமகனுக்கும் அதை நான் எழுதி அனுப்பவில்லை. அவனுடைய அம்மாவுக்கு அந்த ஆண்டு மட்டும் போதும்.

இடைவெளியை மறைக்காதீர்கள்

வரலாறு எழுதுபவருக்கு வெற்றிடம் தொந்தரவாக இருக்கும். நிரப்பிவிடத்தான் கை துடிக்கும். அதைச் செய்யக் கூடாது என்பதற்கு பிரம்ப்டனைவிட நல்ல எடுத்துக்காட்டு, ரொறன்ரோவின் கிழக்கே இருக்கும் ஒஷாவா நகரம். அங்கே ஜெனரல்ஸ் அணி 1937இல் தொடங்கி 1939, 1940, 1944 ஆகிய ஆண்டுகளில் மெமோரியல் கிண்ணத்தை வென்றது. 1953இல் அதன் உள்ளரங்கு தீப்பற்றி எரிந்தது. ஆட இடமில்லாமல் அணி நின்றுபோயிற்று. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1962இல், அது மீண்டும் தொடங்கியபோதும் ஒஷாவாவில் தகுந்த பனித்தளம் இருக்கவில்லை. முதற் பருவகாலத்தில் சொந்த ஆட்டங்களை ரொறன்ரோவில் ஆடிற்று. புதிய அரங்கு 1964இல்தான் திறக்கப்பட்டது. அந்த மீள்தொடக்கத்தில் வந்து சேர்ந்தவன்தான் பாரி சவுண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த 14 வயதுப் பையன் பொபி ஓர். பின்னாளில் ஹொக்கியின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவரானவர். பிறகு 1990இலும் 2015இலும் கிண்ணம் மீண்டும் ஒஷாவாவுக்கு வந்தது.

இந்த வரலாற்றை 1937 முதல் இன்றுவரை என்று ஒரே மூச்சில் எழுதுவோர் உண்டு. நான் அதை 1937-1953, 1962 முதல் என்று இரு வரிகளாகவே எழுதுவேன். தீயை நடுவில் தனி வரியாக வைப்பேன். எங்கள் கழகத்தின் வரலாற்றைத் தொகுத்தபோது இதே கேள்வி எழுந்தது. கூட்டறிக்கைக் கொப்பிகளும் கேடயங்களும் இடப்பெயர்வில் போய்விட்டன. கழகம் தடையின்றி இயங்கியது என்று மலரில் போட வேண்டும் என்று சிலர் கேட்டனர். இயங்காத ஆண்டுகளை இயங்காதவை என்றே போட்டோம்.

ஜெனரல்ஸ் அணியில் நின்று நினைவுகூர வேண்டிய இன்னொரு பெயர் அல்பேர்ட் ரில்சன், செல்லப்பெயர் ரெட். அந்த அணியின் சிறந்த வீரர். இரண்டாம் உலகப் போருக்குப் போய் 1944இல் ஐரோப்பாவில் கொல்லப்பட்டார். 1945 முதல் அந்த லீக்கின் தலைசிறந்த வீரருக்கு வழங்கப்படும் பரிசு அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. பரிசுப்பெயர்களைத் துருவிப் பாருங்கள். ஒரு லீக் யாரை மறக்க விரும்பவில்லை என்பது அவற்றில் இருக்கும்.

பெயர்களை மொழிபெயர்ப்பதா?

வேண்டாம் என்பதே என் முடிவு. பட்டாலியனைத் தமிழாக்கிப் படையணி என்று எழுதினால், வன்னியில் அதை வாசிப்பவர் மனத்தில் எழும் படம் ஹொக்கி மட்டையோடு சறுக்கும் பையன்களாக இருக்காது. ஜெனரல்ஸைத் தளபதிகள் என்று எழுதினால் அது பிழையுமாகும். அந்தப் பெயர் ஒஷாவாவில் கார் தொழிற்சாலை நடத்திய ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது, எந்தப் படையிலிருந்தும் அல்ல. ஒலியை அப்படியே எழுதி, பொருளை ஒரு வசனத்தில் சொல்லுங்கள். ஸ்டீல்ஹெட் என்பது ஆற்றில் பிறந்து பெருநீருக்குப் போய், முட்டையிட மீண்டும் ஆற்றுக்கு ஏறும் ஒரு மீன். ரொறன்ரோவிலிருந்து மிசிசாகாவுக்கும் அங்கிருந்து பிரம்ப்டனுக்கும் ஏறிய அணிக்கு அந்தப் பெயர் தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது.

ஆட்டத்தை அறியாத இங்குள்ள உறவினருக்கும் வாசிக்கக் கொடுப்பதாக இருந்தால், தொடக்கத்தில் ஒரு பந்தி விளக்கம் சேருங்கள். பக்கத்துக்கு ஆறு பேர், அவர்களில் ஒருவர் காவலர்; 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள்; பந்துக்குப் பதிலாக 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள கடினமான இறப்பர் வட்டு, அதன் பெயர் பக். தங்கை ஊருக்கு வந்தபோது ஒன்றைக் கொண்டுவந்தாள். கையில் எடுத்தால் தென்னஞ்சிரட்டையின் அடியளவுதான் இருக்கும். ஆனால் கனம் எதிர்பாராதது, மேசையில் போட்டபோது தேநீர்க் கோப்பைகள் அதிர்ந்தன.

வீரரின் ஊர், அணியின் ஊர்

ரிக் நாஷ் பிரம்ப்டனில் பிறந்தவர்; 2002இல், சம்பளத்துக்கு ஆடும் வளர்ந்தோரின் உச்ச லீக்கான தேசிய ஹொக்கி லீக்கின் வீரர் தெரிவில் முதலாவதாகத் தெரிவானவர். ஆனால் ஜூனியர் ஆட்டத்தை அவர் ஆடியது லண்டன் நைட்ஸ் அணியில். அந்த லண்டனும் ஒன்ராறியோவில் உள்ள லண்டன். ரைலர் செகினும் பிரம்ப்டனில் பிறந்தவரே. அவர் ஆடியது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து பிளிமத் அணியில். காரணம் எளிது: இளைஞர்களை லீக் அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்கின்றன, பிறந்த ஊர் அதில் கணக்கில் வராது. ஆகவே நகரத்தின் பிள்ளைகள் என்று ஒரு பட்டியலும், நகரத்து அணிக்கு ஆடியவர்கள் என்று வேறொரு பட்டியலும் வைத்திருங்கள். இரண்டையும் கலந்தால் பிரம்ப்டன் ஒருபோதும் பெறாத நட்சத்திரங்களை அதன் அணிக்குத் தானம் செய்துவிடுவீர்கள்.

பையனை நடக்க விடுங்கள்

இணையத்தில் கிடைப்பதை நாம் இங்கிருந்தே தேடலாம். மற்றதற்குப் பிள்ளைதான் போக வேண்டும். பிரம்ப்டனில் பீல் பகுதியின் கலைக்கூடமும் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நகர நூலகத்தில் பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளைக் கேட்கலாம். உள்ளரங்குக்குப் போனால் கூரையிலிருந்து தொங்கும் கொடிகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஆண்டை அணி தனதாகச் சொந்தம் கொண்டாடுகிறது என்பது அந்தத் துணிகளில் எழுதியிருக்கும். உள்ளரங்குகளின் பெயர்களும் அனுசரணை நிறுவனத்தோடு மாறுபவை என்பதால், கட்டடத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

முதியவர்களிடம் கேட்கும்போது, எந்த ஆண்டு என்று நேராகக் கேட்க வேண்டாம் என்று மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இங்கே நாங்கள் கழக மூத்தவர்களிடம் 1996ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்கு முன்னரா பின்னரா, குளம் உடைப்பெடுத்த மாரிக்கு முந்தியா பிந்தியா என்றுதான் கேட்டோம்; ஆண்டு தானாக வந்து விழுந்தது. அங்கே அதற்கு வேறு முளைகள் வேண்டும். நீங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகா, உங்கள் மகன் பல்கலைக்கழகம் போவதற்கு முன்பா என்று கேட்கலாம். பக்கத்து வீட்டில் இருந்த ஒரு முதியவர், பட்டாலியன் போன ஆண்டைத் தன் பேத்தி பிறந்த ஆண்டை வைத்துச் சரியாகச் சொன்னார். ஆட்டங்களுக்குத் தான் போனதே மூன்று முறைதான் என்றும், அணி போனதற்குத் தன்னைப் போன்றவர்களே காரணம் என்றும் அவர் சொன்னதை மருமகன் அப்படியே ஒப்படையில் சேர்த்தான். எந்த இணையப் பக்கத்திலிருந்தும் நான் எடுத்துக் கொடுத்திருக்க முடியாத வரி அது.

கடைசியாக எழுதும்போது மூன்று கொப்பிகளையும் ஒரே தாளில் மூன்று நிரல்களாக்குங்கள்: நகரம், பெயர், உரிமம். ஒவ்வொரு வரியிலும் தொடக்க ஆண்டும் முடிவாண்டும் வரட்டும். பிரம்ப்டன், ஸ்டீல்ஹெட்ஸ், 2024 என்று வரும் கடைசி வரியில் முடிவாண்டுக்குரிய கட்டத்தில் "இன்றுவரை" என்று மையால் எழுதாமல், பென்சிலால் ஒரு சிறு கோடு மட்டும் போட்டு விட்டுவிடுங்கள்.